மணலுக்குள் இருந்த தொரை

புசல்லாவைக்கும் ரம்பொடைக்கும் இடையில் ஒரு வண்டி பள்ளத்தில் விழுந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும், அடுத்ததாகக் காளிமுத்துவுக்கு போன் வரும். மரக்கறி லொறி, கொழுந்து ட்ராக்டர், கலியாணத்துக்குப் போன வான், பிரேக் விட்டுப்போன பஸ் என்று அந்த வளைவுகள் எதையும் விட்டுவைத்ததில்லை. கிரேன் நிற்க இடமில்லாத ரோட்டில் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நட்டு, செயின் புளொக்கை மாட்டி, கம்பிக் கயிற்றைக் கீழே விட்டு, தேயிலைச் செடிகளுக்குள் கவிழ்ந்து கிடப்பதை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டு வருவான். பார்க்கச் சனம் கூடும். சோளப்பொத்தி அவித்து விற்கிறவன் அடுப்போடு வந்து உட்கார்ந்துவிடுவான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வானை அவசரப்பட்டு இழுத்தார்கள். பின் சீற்றுக்கு அடியில் ஒரு குழந்தை கிடந்தது யாருக்கும் தெரியாது. பாதி வழியில் கம்பிக் கயிறு அறுந்து, சுமன் என்கிற கூட்டாளியின் காலை முழங்காலோடு கொண்டுபோனது. அறுந்தது கயிறு பழசானதால்தான் என்பது காளிமுத்துவுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அவன் ஒரு முறை வைத்துக்கொண்டான். முதலில் ஆள், பிறகு வண்டி. ஆட்களை எடுத்த பிறகும் சும்மா இழுப்பதில்லை. செத்தவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். இழுவைக்கு முன்னால் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, “எறங்கிக்குங்க” என்று கூப்பிடுவான். பஸ் ஹோல்ட்டில் கண்டக்டர் சொல்கிற அதே தொனி. அவன் கூப்பிட்டதும் கூட்டாளிகள் கையில் இருப்பதை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். செயின் புளொக்கில் நிற்பவனும் சங்கிலியை விட்டுவிடுவான். பாதித் தூக்கலில் விட்டாலும் சுமை இறங்காது, பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் காளிமுத்து “சரி” என்பான். பிறகுதான் கை வைப்பார்கள்.

சங்கிலியில் நிற்பவன் கம்பளை நஸீப். வாய்க்காரன். “காளியண்ணன் மவுத்தானவங்களுக்கும் டிக்கட் கிழிக்கிறாரு” என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்த நேரம் வந்தால் மற்றவர்களுக்கு முன்னால் அவன்தான் சங்கிலியை விடுவான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனக்குத் தெரிந்ததை உதட்டுக்குள் ஓதுவான்.

காளிமுத்து பிறந்தது புசல்லாவையில். பெண் கட்டியது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில். மனைவி கஜலட்சுமிக்குத் தோட்டத்தில் கொழுந்துக்காரியாகப் பேர் இருந்ததால் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பறா அவள் பேரில், அவனும் அங்கேயே தங்கிவிட்டான். ஒரே மகள் யசோதினி, கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. சாமான்கள் எல்லாம் பேராதனையில் மஹ்மூத் ஹாஜியாரின் யார்டில் கிடக்கும். ஹாஜியார் ரோட்டு வேலை கொந்தராத்துக்காரர், மண் தோண்டும் மிஷினான பெக்கோ இரண்டு வைத்திருக்கிறார், நல்ல மனிதர்தான்.

போன கார்த்திகையில் பெய்த மழையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குக் காளிமுத்து பேராதனையில், யார்டுக்குள் ஏறிய மகாவலித் தண்ணீரில் இடுப்பளவு நின்று செயின் புளொக்குகளைத் தூக்கி மேலே கட்டிக்கொண்டிருந்தான். கடையைப் பூட்டிவிட்டதால் யசோதினி வீட்டில் இருந்தாள். லயத்துச் சனத்தை ஸ்கூலுக்குப் போகச் சொன்னார்கள், எல்லோரும் போனார்கள். ஸ்கூல் சிமெந்துத் தரையில் குளிர் தாங்கவில்லை. “ஓடிப்போய்ப் போர்வைய எடுத்துட்டு வா புள்ள” என்று சொன்னது கஜலட்சுமி. அவள் திரும்பி வருவதற்குள் மலை சரிந்து வந்துவிட்டது.

ரோடு அறுந்து கிடந்ததால் அவன் நடந்தும் தவழ்ந்தும் போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு உறைந்து கிடந்தது. ராணுவத்துப் பையன்கள் நல்லபடியாகத்தான் தோண்டினார்கள். அவளைப்போல் லயத்துக்குத் திரும்பிப் போயிருந்தவர்களில் பலரை ஒவ்வொருவராக எடுத்துக் கொடுத்தார்கள். யசோதினி இருந்த கோடிக் காம்பறாவுக்கு மேல் ஒரு பாறை வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பெக்கோ வேலை செய்ய வேண்டும், அதற்குள் வேறு மலையில் வேறு சனத்துக்காக வந்திருந்த ஒரே பெக்கோ கிளம்பிப் போய்விட்டது. முக்காலியும் செயின் புளொக்கும் எதைத் தூக்கும், எதைத் தூக்காது என்பது காளிமுத்துவுக்கு மனப்பாடம். அந்தப் பாறையை ஒரு தரம் சுற்றி வந்தான். யாரையும் முக்காலி கொண்டுவர அனுப்பவில்லை.

தை முடியும்போது அதிகாரிகள் வந்து சொன்னார்கள். மண் இன்னும் இளகித்தான் இருக்கிறது, இனித் தோண்டுவது ஆபத்து. மாசிக் கடைசியில் அந்த இடத்தை மட்டப்படுத்தி, ஒரு கல் நட்டு, கிடைக்காதவர்கள் எல்லோரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வார்கள். அதற்குள் யாராவது சொந்தப் பொறுப்பில் மிஷின் கொண்டுவந்தால் தடுக்கமாட்டோம் என்றும் ஒருவர் சொன்னார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கஜலட்சுமி புருசனைப் பார்த்தாள்.

ஹாஜியாரிடம் போனான். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்து, விசயத்தைச் சொன்னார். இரண்டு பெக்கோவும் அரசாங்க ரோட்டு வேலைக்குப் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும் அதற்கு முன்னால் கிழக்குக் கரைக்குப் போகிறது. கண்டியில் ஒரு பெரிய மனிதர் பழைய யுத்தச் சாமான்கள் சேர்த்துக் காட்சிக்கு வைக்கிறார். மூதூருக்கு அப்பால் ஒரு கரையில், ரெண்டாம் யுத்தத்தில் விழுந்த வெள்ளைக்காரன் விமானம் ஒன்று மணலுக்கு மேல் தெரிகிறதாம். ஒற்றை ஆள் ஓட்டுகிற சண்டை விமானம். எத்தனையோ வருசமாகக் கடல் அதை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததாம், போன கார்த்திகைக் கடல் அடித்ததில் கரை முழுக்க அரித்துப்போய் வாலிலிருந்து மூக்குவரை வெளியே வந்துவிட்டது.

காளிமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். இங்கே மூடிய அதே மழை.

“அது தகரம் இல்ல காளி, பப்படம். பெக்கோவால தூக்கினா நொறுங்கிப் போகும். பெக்கோ மணல அள்ளும், தூக்குறது ஒங்கட செயின் புளொக். ஒங்களுக்கு மட்டும்தான் அது ஏலும்” என்றார் ஹாஜியார். “முழுசா எடுத்து லோபெட் லொறில ஏத்திக் குடுங்க. பெக்கோ திரும்பி வரக்குள்ள நேரா ஹேவாஹெட்டவுக்கு விட்டுடுறன். ரெண்டு நாள் வச்சுக்கோங்க. டீசல் செலவு என்ட.”

சொன்னதைச் செய்கிற ஆள் அவர். காளிமுத்து எழுந்து நின்று கும்பிட்டான். ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு என்று இப்போது இருந்தது கஜலட்சுமியின் அண்ணன் காம்பறாவில் ஒரு மூலை. அங்கே போய் அவளிடம் சொன்னான். மறுநாளே மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, பெக்கோ ஏறிவரப் பாதை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

கரை தட்டையாக, வெள்ளையாக, கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. மலையிலேயே வளர்ந்தவனுக்கு அங்கே கயிறு கட்ட ஒரு மரம், சாய்ந்துகொள்ள ஒரு சரிவு இல்லாதது என்னவோபோல் இருந்தது. விமானம் வயிறு மணலில் அமுங்கக் கிடந்தது. ஒரு சிறகு முறிந்து பின்னால் மடங்கியிருந்தது. வாலில் ஊர்க்காரர்கள் வலை காயப்போட்டிருந்தார்கள். நாலு மரத்தூண் நட்டுப் படுதா கட்டிய நிழலில் நிலூஷா என்ற பெண் காத்திருந்தாள், கண்டிப் பெரிய மனிதரின் காட்சிசாலைக்குப் பொறுப்பானவள். கண்ணாடி போட்ட சின்னப் பெண். ஒவ்வொரு ஆணியையும் படம் பிடித்தாள். ஓட்டினவர் விழுவதற்கு முன்பே குதித்துவிட்டதாகப் பதிவில் இருக்கிறது, ஆகவே உள்ளே யாரும் இல்லை என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். வலையை எடுக்க வந்த மீன்காரரும் அதையே சொன்னார்: “ஆள் குடையில குதிச்சிட்டாராம், எங்கட வாப்பா சொல்லுவார்.” அப்படியென்றால் பெயர் கேட்கத் தேவையில்லை. காளிமுத்து முக்காலிகளை நட்டான்.

பெக்கோ சுற்றிலும் அகழிபோல் மணலை அள்ளியது. அள்ள அள்ளக் கடல் தண்ணீர் ஊறியது. வயிற்றுக்கு அடியில் தூக்கும் பட்டி கோக்க மண்வெட்டி ஆகாது, கையால்தான் தோண்ட வேண்டும். அதை அவனே செய்தான். பகலெல்லாம் குப்புறப் படுத்து நாய்போல் மணலைப் பின்னால் தள்ளினான். நஸீப் மேலே நின்று, “அண்ணே, இந்தப் பக்கமா தோண்டினா நேரா புசல்லாவைக்கு வந்துருவீங்க” என்று கத்தினான்.

மூன்றாம் பட்டியை ஓட்டுபவர் ஆசனத்துக்குப் பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது. ஆசனத்துக்கு மேலிருந்த கண்ணாடி மூடி இழுத்து அடைத்தபடியே இறுகிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தான். குதித்தவர் மூடிவிட்டா குதித்தார் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்துத் தகரம் கிழிந்திருந்த ஓட்டைக்குள் கையை விட்டு மணலை வாரினான். கையில் காலணித் தோல் பட்டது. சப்பாத்து. உள்ளுக்குள் மணல் இறுகியிருந்தது, மணலுக்கு நடுவில் வேறொன்றும் இருந்தது. அவன் வேலையில் அது என்னவென்று கண்ணால் பார்க்கத் தேவையில்லை.

கையை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தான். அலைச் சத்தம் மணல் வழியாகக் காதுக்கு வந்தது.

சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பொலிஸ் வரும், நீதவான் வருவார், மஞ்சள் நாடா கட்டுவார்கள், அந்த இடத்தில் நிற்கும் எதையும் அசைக்க விடமாட்டார்கள். புசல்லாவை ரோட்டில் எத்தனை தரம் பார்த்திருக்கிறான். நாடாவுக்குள் நிற்கும் பெக்கோ நாடாவுக்குள்ளேயே நிற்கும். மாசி முடிந்துவிடும்.

இவர் எண்பது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். எப்படியும் கண்டிக்குத்தான் போகிறார், அங்கே அந்தப் பெண் மணலைத் துடைக்கும்போது கண்டுபிடிப்பாள், எல்லா மரியாதையும் செய்வார்கள். மறைப்பது இல்லை இது, தள்ளிப்போடுவது. இப்படியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு, வாரிய மணலை மெதுவாக உள்ளே தள்ளி, சப்பாத்தை மூடினான். பட்டியைக் கோத்துவிட்டு வெளியே வந்தான். சுகமில்லையா என்று நிலூஷா கேட்டாள், முகம் அப்படி இருந்திருக்கும். வெயில் என்றான்.

மறுநாள் காலை தூக்கினார்கள். கடல் ஒதுங்கியிருந்த நேரம். லோபெட் பலகைகளின் மேல் பின்னால் வந்து நின்றது. நாலு முக்காலி, நாலு செயின் புளொக், மூக்குப் பக்கத்தில் நஸீப். ஊர்ச்சனம் தள்ளி நின்று பார்த்தது. காளிமுத்து கையை உயர்த்தினான். சங்கிலிகள் கடகடவென்று ஓடின. பட்டிகள் விறைத்தன. அடிவயிற்றிலிருந்து மணல் உறிஞ்சும் சத்தத்தோடு விமானம் ஒரு சாண் எழும்பியது. எங்கும் நொறுங்கவில்லை. ஓட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நிலூஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுமை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதற்காக அவன் கிட்டப் போனான். எந்த இழுவையிலும் செய்வதுபோல் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. “இன்னும் ரெண்டு இழு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். முப்பது வருசமாகக் கையைத் தகரத்தில் வைத்ததும் வாய் எதைச் சொல்லிப் பழகியிருந்ததோ அதைச் சொல்லிவிட்டது.

“தொரை, எறங்கிக்குங்க.”

பெயர் தெரியாத வெள்ளைக்காரனுக்குத் தோட்டத்தில் பிறந்தவன் வாயில் வேறென்ன வரும்?

நாலு சங்கிலியும் நின்றன. மற்றச் சங்கிலிகளை இழுத்த ரமேஸ் முதலான பையன்கள் எழுந்து நின்றார்கள். நஸீப்பின் கை தொப்பிக்குப் போனது. விமானம் அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒழுகும் தண்ணீர் மட்டும் சத்தமிட்டது.

“யாரண்ணே உள்ள?” என்று நஸீப் கேட்டான். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் செத்துப்போனது.

காளிமுத்து “சரி” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பையன்கள் இழுத்திருப்பார்கள். கையைத் தகரத்திலிருந்து எடுத்தான். நிலூஷா கிட்ட வந்து, என்ன, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றாள். அவன் கிழிந்த ஓட்டையைக் காட்டினான்.

பிறகு எல்லாம் அவன் நினைத்த வரிசையிலேயே நடந்தது. பொலிஸ், நாடா, அடுத்த நாள் நீதவான், சட்ட வைத்தியர். விமானத்தைத் திரும்ப இறக்கி மணலில் வைக்கச் சொன்னார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் பல் விளக்கும் பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். இரண்டு சப்பாத்து, ஒரு இடுப்புப் பட்டி, எலும்புகள். தூதரகத்துக்குச் சொல்லியிருப்பதாகவும், அங்கே யாராவது சொந்தக்காரர் இருந்தால் எலும்போடு ஒத்துப்பார்க்க இரத்தம் கேட்பார்கள் என்றும் நிலூஷா சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது. உள்ளே ஆள் இருப்பது எப்படித் தெரியும் என்று நீதவான் கேட்டார். கையில் பட்டது என்றான். எப்போது என்று கேட்டார். தூக்குகிற நேரம் என்றான். அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் விட்டார். பெக்கோவும் லோபெட்டும் அடுத்த தவணைவரைக்கும் அசையக்கூடாது. தவணை பங்குனியில்.

ஹாஜியாருக்குப் போன் போட்டுச் சொன்னான். “அல்லாஹ்ட நாட்டம்” என்றார் அவர். மற்ற பெக்கோவைத் தரமுடியுமா என்று அவன் கேட்கவில்லை, முடியாது என்று அவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் நஸீப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மகியங்கனை தாண்டும்வரைக்கும் அவன் வாயிலிருந்து ஒரு பகிடி வரவில்லை. பதினெட்டு வளைவு ஏறும்போது, வெளியே பார்த்தபடி சொன்னான்:

“நான் கேக்காத மாதிரி இருந்திருக்கலாம்ண்ணே. பெக்கோ எதுக்குன்னு எனக்குத் தெரியும்தானே. கை தானா சங்கிலிய விட்டுருச்சு.”

“எனக்கு வாய்” என்றான் காளிமுத்து.

ஹேவாஹெட்ட பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே பாதை தெரிந்தது. பாலத்தடியிலிருந்து மேலே, சரிவை வெட்டி, கல் பரப்பி, தேயிலை வேர்களைப் பிடுங்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். லோபெட் திரும்புவதற்கு ஒரு இடம்கூட விட்டிருந்தாள். அவளுக்கு லோபெட் திரும்புகிற அளவு எப்படித் தெரிந்தது என்று அவன் யோசித்தான். எத்தனையோ வருசம் அவன் சொல்லக் கேட்டிருப்பாள்.

கஜலட்சுமி பாதையின் மேல்முனையில் நின்றாள். காலில் சேறு, இடுப்பில் கொழுந்து பறிக்கச் சுற்றும் படங்குச் சாக்கு. அவன் தனியாக வருவதைக் கண்டதும் அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். சப்பாத்து, மணலால் மூடியது, வாய் தவறியது, எல்லாம்.

“மூடிட்டீங்களா?” என்றாள்.

“மூடினேன்.”

“மூடினவரு ஏன் வாயத் தொறந்தீங்க?”

அவள் கீழே உட்கார்ந்து, கையிலிருந்த காய்ந்த சேற்றை உரித்தாள்.

“எத்தன வயசாம் அந்த ஆளுக்கு?”

“இருபது, இருபத்தொன்னு இருக்கும்னாங்க. பல்லப் பாத்து.”

“ஆளக் குடுத்துருவாங்களா, வீட்டுக்கு?”

“யாராச்சும் இருந்தா குடுப்பாங்க.”

“இப்ப யாரு இருப்பா” என்றாள். அது கேள்வி இல்லை. எழுந்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனாள். கையால் அந்த மண்ணில் ஒன்றும் நடக்காது, பாறை இருக்கிறது என்று அவன் பின்னாலிருந்து சொன்னான். தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாறையின் ஓரத்தில் வெட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், ஒரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான்.

மாசியில் மிச்சமிருந்த நாளெல்லாம் வெட்டினார்கள். நஸீப்பும் ரமேஸும் வந்து நின்று வெட்டினார்கள், பையன்கள் முறை வைத்து வந்தார்கள். பாறைக்குக் கீழே இடுப்பளவு போனபோது ஒரு கூரைத் தகரத்தின் விளிம்பு வந்தது. நெற்றி மட்டத்துக்குப் போனபோது மழை வந்து பாதியை நிரப்பியது. திரும்பவும் வெட்டினார்கள்.

மாசிக் கடைசியில் இடத்தை மட்டப்படுத்த அரசாங்கத்துப் பெக்கோ வந்தது. இப்படியான மலையில் மிஷின் ஏற்றுவதென்றால் ஒரு நாள் வேலை. பாதை வெட்டிக் கிடந்ததால் அது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க நேராக மேலே ஏறி வந்தது. ஓட்டி வந்தவன் கம்பளைப் பையன், காளிமுத்துவைத் தெரிந்தவன். எஞ்சினை நிறுத்தாமல் தலையை வெளியே நீட்டி, அதிகாரிக்குக் கேட்காத குரலில், “அண்ணே, எங்க இருந்து தொடங்குறது?” என்றான்.

கஜலட்சுமி குழிக்குள் நின்றாள். எல்லோரும் மேலே வாங்க என்று அதிகாரி கைகாட்டினார். ஆள் நிற்கும் குழிக்குள் மண் தள்ளமாட்டார்கள், அவள் ஏறவில்லை. தகரத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். காளிமுத்து ஓட்டுகிற பையனைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான். பிறகு மம்பட்டியை ஊன்றிக் குழிக்குள் இறங்கி, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.